பிப்ரவரி ஃபார்ம் வேறு, ஜூலை ரிட்டர்ன் வேறு: வருமான வரிக் கணக்கு தாக்கல் முழு வழிகாட்டி

என் அத்தை முப்பது வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ஏப்ரலில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "டெபாசிட் வட்டியில பதினெட்டாயிரம் ரூபா புடிச்சிருக்காங்கப்பா, என்னன்னு பாரு" என்றார். ரிட்டர்ன் போடும் பழக்கம் உண்டா என்று கேட்டேன். "வேலையில இருந்தப்ப வருஷா வருஷம் பிப்ரவரியில ஃபார்ம் குடுப்போம். இப்ப வெறும் பென்ஷன்தானே, எனக்கு எதுக்கு?"

இதே பதிலை ஆசிரியர்கள், கருவூல ஊழியர்கள், வங்கியில் வேலை பார்த்தவர்கள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஆடிட்டர் ஒருவரின் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் கணக்கு வேலை பார்த்தவன் நான். பிப்ரவரியில் அலுவலகத்தில் கொடுக்கும் ஃபார்ம், உங்கள் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சம்பளம் போடுபவர் கணக்குப் பார்ப்பதற்காக. அது வருமான வரித் துறைக்குப் போவதில்லை. சம்பளத்தில் வரி பிடித்தாலும், வங்கி வட்டியில் வரி பிடித்தாலும் வரி கட்டப்பட்டிருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கணக்குக் காட்டுவது தனி வேலை. அந்த வேலைக்குப் பெயர்தான் ரிட்டர்ன் தாக்கல். அதை நீங்கள்தான் செய்ய வேண்டும், உங்களுக்காக வேறு யாரும் செய்வதில்லை.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரியை வருமான வரி என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் முற்றிலும் வேறு.

முதல் படி: எந்த ஆண்டுக் கணக்கு?

2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை நீங்கள் ஈட்டியது 2025-26 நிதியாண்டின் வருமானம். அதற்கான கணக்கை 2026-ல் காட்டுகிறோம். அதனால் அதன் மதிப்பீட்டு ஆண்டு 2026-27. இவ்வளவு நாள் இது பழகிப்போன விஷயம். இந்த வருடம்தான் கூடுதல் கவனம் தேவை.

1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025-ம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. புதிய சட்டத்தில் 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற சொல்லே கிடையாது, 'வரி ஆண்டு' மட்டும்தான். ஆக, 'மதிப்பீட்டு ஆண்டு 2026-27' என்றால் போன வருட வருமானம். 'வரி ஆண்டு 2026-27' என்றால் இந்த ஏப்ரலில் இருந்து ஈட்டத் தொடங்கியிருக்கும் வருமானம். எண் ஒன்று, ஆண்டு இரண்டு. இப்போது தாக்கல் செய்யும் 2025-26 வருமானத்துக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும். நெட் பேங்கிங்கில் வரி கட்டும்போது ஆண்டை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டால், பணம் கட்டியிருந்தும் கட்டாதது போலவே கணக்கில் தெரியும். அந்தத் திரையில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

இரண்டாம் படி: நான் தாக்கல் செய்ய வேண்டுமா?

பிஎஃப், எல்ஐசிக்குத் தரும் 80சி போன்ற கழிவுகளைக் கழிப்பதற்கு முந்தைய வருமானம் 4 லட்சம் ரூபாயைத் தாண்டினால் தாக்கல் கட்டாயம். இது புதிய வரி முறைக்கான வரம்பு (அதில் கழிவுகள் குறைவு, வரி விகிதமும் குறைவு; கழிவுகள் அதிகம் உள்ளது பழைய முறை). பழைய முறையில் இருப்பவர்களுக்கு 2.5 லட்சம், 60 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம், 80 நிறைந்தவர்களுக்கு 5 லட்சம்.

"12 லட்சம் வரை வரி இல்லன்னு டிவியில சொன்னாங்களே" என்று கேட்பார்கள். வரி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அது எப்படி இல்லாமல் போகிறது என்று பாருங்கள். 4 லட்சத்துக்கு மேல் வரி கணக்கிடப்பட்டு, வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் அதிகபட்சம் 60,000 ரூபாய் வரை தள்ளுபடி தரப்படுகிறது. அந்தத் தள்ளுபடியை நீங்கள் ரிட்டர்னில்தான் வாங்க முடியும். 4 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கும் இடையில் இருப்பவர்கள் ஒரு ரூபாய் வரி கட்ட வேண்டாம், ஆனால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும்.

வருமானம் வரம்புக்குள் இருந்தாலும் சிலருக்குக் கட்டாயம் உண்டு. வருடத்தில் தனக்காகவோ பிறருக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் செலவழித்தவர்கள், மின் கட்டணம் 1 லட்சத்துக்கு மேல் கட்டியவர்கள், நடப்புக் கணக்கில் 1 கோடிக்கு மேலோ சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சமோ அதற்கு மேலோ போட்டவர்கள், 25,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வரிப் பிடித்தம் ஆனவர்கள் இதில் வருவார்கள். மூத்த குடிமக்களுக்கு இந்த வரிப் பிடித்தத்தின் வரம்பு 50,000. மகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்த பெற்றோர், டிக்கெட் செலவைத் தாங்களே ஏற்றிருந்தால், இந்தப் பட்டியலில் இருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வசித்துக்கொண்டு வெளிநாட்டில் வங்கிக் கணக்கோ பங்குகளோ வைத்திருந்தாலும் கட்டாயம்தான். ஐடி கம்பெனிகள் கொடுக்கும் அமெரிக்கப் பங்குகளும் இதில் அடக்கம். பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

75 வயது நிறைந்து, பென்ஷனும் அதே வங்கியின் வட்டியும் மட்டுமே வருமானமாக உள்ளவர்கள், வங்கியில் உறுதிமொழிப் படிவம் கொடுத்தால், வங்கியே வரியைக் கணக்கிட்டுப் பிடித்துக்கொள்ளும். அவர்கள் ரிட்டர்ன் போட வேண்டாம்.

மூன்றாம் படி: தேதிகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

சம்பளம், பென்ஷன், வட்டி, வாடகை, பங்கு அல்லது மனை விற்ற லாபம் இவை மட்டும் உள்ளவர்களுக்கு ஜூலை 31. கடை, தொழில் வருமானம் இருந்து ஆடிட் தேவைப்படாதவர்களுக்கு ஆகஸ்ட் 31 வரை அவகாசம் என்று 2026 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஆடிட் கட்டாயமானவர்களுக்கு செப்டம்பர் 30-க்குள் ஆடிட் அறிக்கை, அக்டோபர் 31-க்குள் ரிட்டர்ன். கெடுவைத் தவறவிட்டவர்கள் அபராதத்தோடு டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம்.

"எப்படியும் தேதியத் தள்ளி வைப்பாங்க" என்று காத்திருப்பவர்கள் நிறைய. 2025-ல் ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆனது, கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் சேர்த்து 16 ஆனது. அதற்கு முந்தைய மூன்று வருடங்களும் ஜூலை 31 அப்படியே நின்றது. 2025-ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

தாக்கல் தேதியைவிட முன்பே வரும் தேதிகள் சில உண்டு. பிடித்தம் போக வருடத்துக்கு 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வரி வரும் என்றால், அதை அந்த வருடத்துக்குள்ளேயே தவணையாகக் கட்ட வேண்டும்: ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். இதுதான் அட்வான்ஸ் டாக்ஸ். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு இது கிடையாது. அடுத்து ஜூன் 15. வருடச் சம்பளத்தையும் அதில் பிடித்த வரியையும் காட்டும் சான்றான ஃபார்ம் 16-ஐச் சம்பளம் கொடுப்பவர் தர வேண்டிய கடைசி நாள் அது.

அதனால்தான் ஏப்ரலிலேயே அவசரப்பட்டுத் தாக்கல் செய்ய வேண்டாம் என்கிறேன். வங்கிகளும் நிறுவனங்களும் ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த வரியின் கணக்கை மே 31 வரை கொடுக்கலாம். அது ஏறிய பிறகுதான் உங்கள் கணக்கில் முழுப் பிடித்தமும் தெரியும். ஜூன் 15-லிருந்து ஜூலை 15 வரை உள்ள ஒரு மாதம்தான் சரியான காலம். ஜூலை கடைசி வாரத்தில் இணையதளம் திணறும், ஓடிபி வராது, ஆடிட்டர் போனை எடுக்க மாட்டார்.

தாமதமானால் என்ன இழப்பு?

வருமானம் 5 லட்சத்துக்கு மேல் என்றால் 5,000 ரூபாய், 5 லட்சம் வரை 1,000 ரூபாய் தாமதக் கட்டணம். வரி பாக்கி இருந்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. எல்லோரும் இதை மட்டும் பார்த்துவிட்டு, "போனால் 5,000தானே" என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய இழப்பு இரண்டு வேறு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, நஷ்டம். பங்குச் சந்தையில் இந்த வருடம் 2 லட்சம் நஷ்டம் என்றால், அதை அடுத்த 8 வருடங்கள் வரை வரும் மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். கெடுவுக்குள் தாக்கல் செய்தால்தான் அந்த உரிமை. ஒரு நாள் தாமதமானாலும் போய்விடும்.

இரண்டாவது, பழைய வரி முறை. புதிய முறைதான் இயல்பாக உள்ளது. பழையது வேண்டும் என்றால் கெடுவுக்குள் தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்க வேண்டும். தாமதமாகத் தாக்கல் செய்தால் புதிய முறைதான், வேறு வழி இல்லை. இது எவ்வளவு ரூபாய் விஷயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நான்காம் படி: பழைய முறையா, புதிய முறையா?

சென்னையில் வாடகைக்கு இருந்து வேலை பார்க்கும் ஒருவர், ஊரில் பெற்றோர் இருக்கும் வீட்டுக்குக் கடன் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 14 லட்சம்.

புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும். வரிக்குரிய வருமானம் 13,25,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அதாவது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. மீதி 1,25,000-க்கு 15 சதவீதம், 18,750. கூட்டினால் 78,750. அதன் மேல் சுகாதாரம், கல்விக்கான கூடுதல் வரியான செஸ் 4 சதவீதம் சேர்த்து 81,900 ரூபாய்.

பழைய முறையில் நிலையான கழிவு 50,000, வீட்டு வாடகைப் படியில் விலக்கு 2,40,000, பிஎஃப், எல்ஐசி வகையில் 80சி 1,50,000, வீட்டுக் கடன் வட்டி 2,00,000, மருத்துவக் காப்பீடு 25,000. மொத்தம் 6,65,000 கழிகிறது. வரிக்குரிய வருமானம் 7,35,000. முதல் இரண்டரை லட்சத்துக்கு இல்லை, அடுத்த இரண்டரைக்கு 12,500, மீதி 2,35,000-க்கு 20 சதவீதம் 47,000. மொத்தம் 59,500, செஸ்ஸோடு 61,880.

வித்தியாசம் 20,020 ரூபாய். இவர் ஆகஸ்ட் 1-ம் தேதி தாக்கல் செய்தால் அந்த 20,020-ஐயும் அதற்கான வட்டியையும் 5,000 தாமதக் கட்டணத்தையும் சேர்த்துக் கட்டுவார்.

வாடகையும் வீட்டுக் கடனும் இல்லாதவர்களுக்குப் பெரும்பாலும் புதிய முறையே லாபம். சம்பளக்காரருக்கு 12.75 லட்சம் வரை அதில் வரியே வராது. அதற்குமேல் போனவர்கள் மேலே போட்டது போல இரண்டு பக்கமும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் ஆகும். அலுவலகத்தில் ஒரு முறையைச் சொல்லியிருந்தாலும், சம்பளக்காரர்கள் ரிட்டர்னில் மாற்றிக்கொள்ளலாம், வருடா வருடமும் மாற்றலாம். வியாபார வருமானம் உள்ளவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர்கள் 10-ஐஇஏ என்ற படிவம் கொடுத்துப் பழைய முறைக்குப் போக வேண்டும், பின்பு புதியதற்குத் திரும்பினால் மறுபடி பழையதற்குப் போக முடியாது.

ஐந்தாம் படி: காகிதங்களைச் சேருங்கள்

ஃபார்ம் 16, வங்கி வட்டிச் சான்று, வீட்டுக் கடன் சான்று, காப்பீட்டு ரசீது, பங்கு விற்றிருந்தால் புரோக்கர் தரும் லாப நஷ்ட அறிக்கை. ரிட்டர்னில் எதையும் இணைக்க வேண்டாம். ஆனால் பழைய முறையில் கழிவு கேட்பவர்களிடம் பாலிசி எண், கடன் கணக்கு எண் போன்றவற்றைத் திரையிலேயே கேட்கிறது. வாடகை வருடத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டினால் அலுவலகத்தில் வீட்டுக்காரரின் பான் எண்ணையும் கேட்பார்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஏஐஎஸ். வருமான வரி இணையதளத்துக்குள் போனால் மேலேயே தெரியும் இந்த ஆண்டுத் தகவல் அறிக்கை 2021 நவம்பரில் வந்தது. உங்கள் பான் எண்ணை வைத்து வங்கி, பதிவுத்துறை, பங்குச் சந்தை, மியூச்சுவல் ஃபண்டு ஆகியவை உங்களைப் பற்றித் துறைக்குச் சொன்னதெல்லாம் அதில் இருக்கும். பிடிஎஃப்பாக இறக்கினால் திறக்கக் கடவுச்சொல் கேட்கும்: பான் எண் சிறிய எழுத்துகளில், அதை ஒட்டி பிறந்த தேதி எட்டு இலக்கத்தில்.

அதில் முதலில் வட்டியைப் பாருங்கள். "சேவிங்ஸ் வட்டி 3,400 ரூபாதானே" என்று விட்டது ஏஐஎஸ்ஸில் நிற்கும். ரிட்டர்னில் இல்லாவிட்டால் அங்கே ஒரு முரண்பாடு. மனைவியோடு கூட்டாகப் போட்ட டெபாசிட்டின் வட்டி யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள், பணம் போட்டவர்தான் அதைக் காட்ட வேண்டும். மியூச்சுவல் ஃபண்டு விற்ற முழுத் தொகையும் அதில் இருக்கும், அது லாபம் அல்ல, விற்பனை மதிப்பு. பதற வேண்டாம். உங்களுடையது அல்லாத ஏதாவது இருந்தால், அந்த வரியிலேயே கருத்துத் தெரிவிக்கும் வசதி உண்டு, தகவல் சரியில்லை என்று பதிவு செய்துவிடுங்கள்.

ஏஐஎஸ்ஸில் இல்லை என்பதற்காக வருமானம் இல்லை என்று ஆகிவிடாது. கூட்டுறவு சங்க டெபாசிட் வட்டி, தபால் நிலைய வட்டி, ரொக்கமாக வாங்கும் வாடகை இவையெல்லாம் அதில் வராமல் போகலாம். காட்டுவது நம் கடமை.

வருட நடுவில் வேலை மாறியவர்கள் இந்த இடத்தில் நின்று கவனியுங்கள். பழைய கம்பெனி ஒரு ஃபார்ம் 16, புதிய கம்பெனி ஒரு ஃபார்ம் 16 தரும். பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லாமல் விட்டிருந்தால், இரண்டு பேருமே உங்களுக்கு 75,000 கழிவும் முதல் 4 லட்சத்துக்கு வரி விலக்கும் கொடுத்திருப்பார்கள். இரண்டையும் கூட்டினால் பிடித்த வரி போதாது. ஜூலையில் ஒரே மூச்சில் அறுபது, எழுபதாயிரம் கட்ட வேண்டி வந்து கலங்கி நின்ற இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை மாறும் அன்றே பழைய சம்பள விவரத்தைப் புதிய அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எந்தப் படிவம்?

ஐடிஆர்-1, சகஜ் என்று பெயர். இங்கே வசிப்பவராக, 50 லட்சத்துக்குள் சம்பளம் அல்லது பென்ஷன், வீடு, வட்டி வருமானம் இருப்பவர்களுக்கு. பட்டியலிடப்பட்ட பங்குகளில், பங்கு சார்ந்த ஃபண்டுகளில் 1.25 லட்சம் வரை நீண்டகால லாபம் இருந்தாலும் இதையே போடலாம். விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் இது ஆகாது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது சரிதான், ஆனால் காட்ட வேண்டும். ஊரில் குத்தகை நெல் வருகிறவர்கள் இதைக் கவனிக்க.

ஐடிஆர்-2, மனை, பங்கு, நகை விற்று லாபம் உள்ளவர்களுக்கும் வெளிநாட்டுச் சொத்து உள்ளவர்களுக்கும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்மவர்கள் இங்கே வியாபாரம் இல்லாதவரை இதைத்தான் போட வேண்டும். என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவர் இங்குள்ள வருமானத்துக்காக வைத்திருக்கும் கணக்கு) டெபாசிட் வட்டியில் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள், இங்குள்ள மொத்த வருமானம் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் போட்டுத்தான் அதைத் திரும்ப வாங்க முடியும். 12 லட்சம் வரையிலான தள்ளுபடி மட்டும் அவர்களுக்குக் கிடையாது.

ஐடிஆர்-3 வியாபாரம், தொழில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு. பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற முன்பேர வணிகம்) செய்பவர்களும் இதில்தான் வருவார்கள், நஷ்டமே ஆனாலும்.

ஐடிஆர்-4, சுகம். ரொக்கப் புழக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை, இல்லையென்றால் 2 கோடி வரை விற்பனை உள்ள சிறு வியாபாரி, விற்பனையில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டிவிட்டால் போதும். ஜிபே, வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம். மளிகைக் கடைக்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி. உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகத்தைக் காட்ட வேண்டும். இந்த முறையில் வருபவர்கள் அட்வான்ஸ் டாக்ஸை நான்கு தவணையாக இல்லாமல் மார்ச் 15-க்குள் ஒரே முறையாகக் கட்டலாம்.

ஏழாம் படி: இணையதளத்தில் உட்காருங்கள்

முகவரி இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். கூகுளில் தேடிப் போகாமல் நேரடியாகத் தட்டச்சு செய்யுங்கள். பான் எண்தான் பயனர் பெயர். பான், ஆதார் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது. அடுத்து, சுயவிவரப் பக்கத்தில் வங்கிக் கணக்கைச் சரிபார்த்து வையுங்கள். வங்கிகள் இணைந்தபோது ஐஎஃப்எஸ்சி மாறியவர்களுக்கு ரீஃபண்ட் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான்.

ஈ-ஃபைல் பட்டியலில் வருமான வரி ரிட்டர்ன் தாக்கல் என்பதைத் தேர்ந்தெடுத்து, மதிப்பீட்டு ஆண்டு 2026-27, ஆன்லைன் முறை, தனிநபர், படிவ எண் என்று வரிசையாகப் போகலாம். பிறகு ஐந்து பகுதிகள் வரும்: சொந்த விவரம், மொத்த வருமானம், கழிவுகள், கட்டிய வரி, வரிப் பொறுப்பு. பெரும்பாலான கட்டங்கள் முன்பே நிரப்பப்பட்டிருக்கும். நிரம்பியிருக்கிறது என்பதால் சரி என்று எண்ணி 'உறுதி செய்' என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு எண்ணையும் கையில் உள்ள காகிதத்தோடு ஒப்பிடுங்கள். பழைய முறை வேண்டுமா என்ற கேள்வி முதல் பகுதியான சொந்த விவரத்திலேயே வந்துவிடும். "புதிய முறையிலிருந்து விலகுகிறீர்களா?" என்று கேட்கும். பழையது வேண்டும் என்றால் 'ஆம்'. அவசரத்தில் படித்துத் தலைகீழாகப் பதில் சொல்பவர்கள் பலர்.

அத்தைக்கு நாங்கள் போட்ட கணக்கு இது. பென்ஷன் மாதம் 45,000, வருடத்துக்கு 5,40,000. டெபாசிட் வட்டி 1,80,000. மொத்தம் 7,20,000. பென்ஷனுக்கும் நிலையான கழிவு உண்டு, அது போக 6,45,000. 4 லட்சத்துக்கு மேல் உள்ள 2,45,000-க்கு 5 சதவீதம் 12,250 ரூபாய். அது தள்ளுபடியில் முழுவதும் போய்விடுகிறது. வரி பூஜ்யம். வங்கி பிடித்த 18,000 முழுவதும் அவருக்கே திரும்ப வர வேண்டிய பணம். தாமதித்தால் அதில் 5,000 தாமதக் கட்டணமாகக் கழியும். தாக்கலே செய்யாவிட்டால் 18,000-மும் போனதுதான்.

கடைசிப் பகுதியில் வரி பாக்கி என்று காட்டினால், அங்கேயே கட்டிவிட்டுச் சலான் விவரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சமர்ப்பிக்க வேண்டும்.

இந்த இடத்தில் மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். "உங்களுக்கு ரீஃபண்ட் வாங்கித் தரேன், வர்றதுல பத்து பர்சன்ட் குடுங்க" என்று அலுவலக வாசலில் வந்து நிற்பவர்களிடம் வருமான வரி இணையதளக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். இல்லாத வீட்டு வாடகை, கொடுக்காத நன்கொடை, எடுக்காத கல்விக் கடன் என்று போட்டு ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு அவர்கள் போய்விடுவார்கள். 2025 ஜூலையில் நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித் துறை இதற்காகவே சோதனை நடத்தியது. பொய்க் கழிவுகள் கண்டறியப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். மாட்டினால் ஏய்த்த வரியின் 200 சதவீதம் வரை அபராதம், வட்டி தனி. நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும், அவர் பெயருக்கு வராது.

எட்டாம் படி: சரிபார்ப்பு

சமர்ப்பித்தவுடன் வேலை முடிந்தது என்று பலர் கணினியை மூடிவிடுகிறார்கள். சரிபார்க்காத ரிட்டர்ன், போடாத ரிட்டர்ன்தான். அதை 30 நாட்களுக்குள் செய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபி எளிய வழி. அந்த எண் இப்போது இல்லை என்றால் நெட் பேங்கிங், டீமேட் கணக்கு வழியாகவும் செய்யலாம். எதுவும் முடியாதவர்கள் ஐடிஆர்-வி என்ற ஒரு பக்கத் தாளை அச்சிட்டு, நீல மையில் கையெழுத்திட்டு, பெங்களூரில் உள்ள மையத்துக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பலாம். 30 நாளைத் தாண்டிச் சரிபார்த்தால், சரிபார்த்த நாள்தான் தாக்கல் செய்த நாளாகக் கொள்ளப்படும். ஜூலை 20-ல் போட்டவர் ஆகஸ்ட் 25-ல் சரிபார்த்தால், தாமதத் தாக்கல் ஆகிவிடும்.

அதற்குப் பிறகு

சில நாட்களிலோ சில மாதங்களிலோ மின்னஞ்சலில் 143(1) அறிவிப்பு வரும். நீங்கள் சொன்ன கணக்கு ஒரு பத்தியிலும் துறை போட்ட கணக்கு பக்கத்துப் பத்தியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பில் சேர்த்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால் எந்த வரியில் தொடங்குகிறது என்று மேலிருந்து கீழே பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு பிடித்தம் பதிவாகாமல் போயிருக்கும், அல்லது ஒரு கழிவு ஏற்கப்படாமல் இருக்கும். படிவம் குறைபாடு உள்ளது என்று நோட்டீஸ் வந்தால் பதில் சொல்ல 15 நாள் உண்டு. வருமான வரி நோட்டீஸ் என்றதும் வீட்டில் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை கணினி அனுப்பும் சாதாரணக் கடிதங்கள். பதில் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. "ரீஃபண்ட் 15,490 அங்கீகரிக்கப்பட்டது, இந்த இணைப்பைத் தொடவும்" என்று குறுஞ்செய்தி வந்தால் தொடாதீர்கள். ரீஃபண்ட் நிலவரம் இணையதளத்துக்குள் மட்டும்தான் பார்க்க வேண்டும்.

தாக்கல் செய்தபின் தவறு தெரிந்தால் திருத்திய ரிட்டர்ன் போடலாம். அதற்கான கெடு டிசம்பர் 31 ஆக இருந்தது. சிறு கட்டணத்தோடு மார்ச் 31 வரை என்று 2026 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். நீங்கள் டிசம்பர் 31-ஐயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டணம் மிச்சம். அதுவும் தாண்டி, விட்டுப்போன வருமானம் நினைவுக்கு வந்தால், ஐடிஆர்-யு என்ற வழி நான்கு வருடம் வரை திறந்திருக்கிறது. வரிக்கும் வட்டிக்கும் மேல், முதல் வருடத்தில் 25 சதவீதம், இரண்டாவதில் 50, மூன்றாவதில் 60, நான்காவதில் 70 கூடுதலாகக் கட்ட வேண்டும். வருமானத்தைச் சேர்க்கத்தான் அது, ரீஃபண்ட் கேட்க அல்ல. அத்தை அதற்கு முந்தைய வருடங்களில் விட்ட பிடித்தங்களை இப்போது எந்த வழியாக மீட்பது என்று அவர் கேட்டபோது, இந்த வாசல் அதற்கு இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

இந்த வருடத்துக்கு, வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஏப்ரல் மாதமே அவரோடு போய் வங்கியில் கொடுத்துவிட்டு வந்தேன். கவுண்டரில் கொடுத்ததற்கு அத்தாட்சியாக முத்திரை வைத்த நகலை வாங்கி, பாஸ்புக் உறைக்குள் மடித்து வைத்திருக்கிறார்.